மீட்டர் சொன்ன இடத்தில் தண்ணீர் இல்லை: அறிவியல் மாடல் எதுவரைக்கும் செல்லும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி. கேரளா என்றாலே மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. பாலக்காடு டவுனில் கொட்டுகிற மழை எங்களிடம் வருவதற்குள் தூறலாகிவிடும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விடவேண்டும். அது வாய்க்காலில் வருகிறவரைக்கும் சமாளிக்கலாம், அப்புறம் போர்வெல்தான்.

போர் போடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தேன். நான்கு கம்பிகளை ஊன்றி, ஒயர் இழுத்து, நகர்த்தி நகர்த்தி அளவெடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இந்த இடம், 300 அடிக்குள் கிடைக்கும்" என்றார். 650 அடி வரைக்கும் இறக்கினோம். கல்மாவுதான் புகையாக வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற பெரியவரைக் கூட்டிவந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போட்டார்கள். 280 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர்.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே வழக்குதான். "பூமிக்குள் இருப்பதை மெஷின் எப்படி அறியும்?" என்கிறார் என் மாமனார். மகன் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான். "அறிவியல் தப்பில்லை தாத்தா, அது ஒரு மாடல், மாடலுக்கு எல்லை உண்டு" என்கிறான். அவன் சொல்வது புரிகிறது, ஆனால் மனது ஒப்பவில்லை.

என் சந்தேகம் இதுதான். என் காலுக்கு அடியில் 650 அடியில் இருப்பதையே சொல்ல முடியவில்லை என்றால், சூரியனின் நடுவில் என்ன நடக்கிறது, பிரபஞ்சத்துக்கு என்ன வயது என்றெல்லாம் எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்? சரி, எல்லை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதைத் தேங்காய்க்காரரிடம் விட்டுவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமனாருக்கும் மகனுக்கும் நான் படித்துக்காட்ட வேண்டும்.

பதில்: நீர் ஆய்வு, பொள்ளாச்சி

அண்ணா, அந்த நான்கு கம்பி வேலைதான் எனக்கும் தொழில். உங்களுக்குப் பாயிண்ட் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவே முடியாது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு இது பயன்படும்.

வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் விடுகிறோம். உள்கம்பிகளுக்கு நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று அளக்கிறோம். வெளிக்கம்பிகளைத் தள்ளிவைக்கத் தள்ளிவைக்க மின்சாரம் இன்னும் ஆழமாகப் போய் வரும். ஈரமான சிதைந்த பாறையில் மின்சாரம் எளிதாகப் பாயும், வெடிப்பில்லாத பாறையில் பாயாது. இதுவரைக்கும் நடப்பது அளவெடுப்பு. ஓம் விதி கொழிஞ்சாம்பாறையிலும் அதேதான், ஜெர்மனியிலும் அதேதான்.

அதற்கு அடுத்த படியில்தான் மாடல் நுழைகிறது. கைக்குக் கிடைத்தவை சில எண்கள். அவற்றை வைத்து "அடியில் என்ன இருந்தால் இந்த எண்கள் வரும்?" என்று பின்னோக்கிக் கேட்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் சில விஷயங்களை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது: நிலம் கிடைமட்டமான அடுக்குகளால் ஆனது, ஒவ்வோர் அடுக்கும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கிறது. இப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் கணக்கே ஓடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலும் கீழும் மின்தடை அதிகமான பாறை, நடுவே மின்சாரம் எளிதில் பாயும் ஒரு மெல்லிய அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுக்கு 10 மீட்டர் தடிமனும் 50 ஓம்-மீட்டர் மின்தடையும் உள்ளதாக இருக்கலாம். அல்லது 20 மீட்டர் தடிமனும் 100 ஓம்-மீட்டரும் இருக்கலாம். தடிமனை மின்தடையால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே விடை. மேலே நின்று அளக்கிற கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் வரையும். முதலாவது களிமண் கலந்து தண்ணீரே விடாத அடுக்காக இருக்கலாம். இரண்டாவது ஊற்று நிறைந்த சிதைந்த பாறையாக இருக்கலாம். கோடு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் எது உண்மை என்று அந்தக் கோடு சொல்லாது. பொருந்திவிட்டது என்பதை வைத்து அடியில் இருப்பது இதுதான் என்று முடிவுகட்ட முடியாது. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற பாடம் இது. எந்தத் தோட்டத்தில் கம்பி ஊன்றினாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று உங்கள் ஊரின் தனிக்கதை. பாலக்காட்டுக் கணவாய் வெறும் மலை இடைவெளி அல்ல. மிகப் பழைய காலத்தில் பூமியின் மேலோடு நெரிபட்டுத் திருகிய பகுதி அது. பாலக்காடு–காவிரி ஷியர் ஸோன் என்று புவியியலில் பெயர். அங்கே நைஸ் என்கிற வரிவரியான கடினப் பாறை பல இடங்களில் அடுக்கிவைத்த பலகை போலப் படுத்திருக்காது, சாய்ந்து மடங்கிக் கிடக்கும். கிடைமட்ட அடுக்கு என்ற அனுமானம் இப்படிப்பட்ட இடத்தில்தான் முதலில் உடைகிறது.

அந்தப் பாறைக்குள் தண்ணீர் நிற்கவும் இடமில்லை. மேலே சிதைந்த பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கும். நிலத்தடி நீர் ஓட்டத்துக்கு அடிப்படையான விதியை 1856-ல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வெளியிட்டார். டிஜோன் நகரக் குடிநீர் வேலையின்போது மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுக் கண்டது அது. மணலில் தண்ணீர் எல்லா இடத்திலும் பரவலாகக் கசியும். உங்கள் பாறையில் ஒரு வெடிப்பு வழியாக மட்டும் ஓடும். வெடிப்பில் ஓடும் நீரின் அளவு அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அகலம் பாதியானால் தண்ணீர் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் ஒரு தோட்டத்தில் இரண்டு இஞ்ச் வரும், முப்பது அடி தள்ளிப் போட்டால் புகை வரும். 500 அடி ஆழத்தில் விரல் அகல வெடிப்பு ஒன்று இருந்தால் மேலே அளக்கிற கருவிக்கு அது தென்படாது. அவ்வளவு ஆழம் பார்க்கக் கம்பிகளைப் பல நூறு மீட்டர் விரிக்க வேண்டும். விரித்தால் நடுவில் வருகிற எல்லாவற்றின் சராசரிதான் கிடைக்கும், வெடிப்பு அந்தச் சராசரியில் கரைந்துவிடும்.

இனி தேங்காய். பெரியவரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நிலத்தைப் பார்த்து நீர் சொல்வது நம் நாட்டில் பழைய அறிவு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எந்த மரம், எங்கே புற்று என்று பார்த்து நீர் இருக்கும் இடம் சொல்ல ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பக்கத்துத் தோட்டம் உங்கள் தோட்டத்தைவிடத் தாழ்வா? ஓடைப்பக்கமா? பழைய கிணறு ஏதாவது அருகில் இருக்கிறதா? வயதான ஆளின் கண்ணுக்கு இதெல்லாம் தானாகப் படும், கை அதற்கேற்ப அசையும் என்பது என் எண்ணம்.

தேங்காயோ குச்சியோ தானாக நீரை உணர்கிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1987–88-ல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, குச்சி வைத்து நீர் பார்ப்பவர்களை மேல்தளத்தில் இருந்து கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 500 பேரில் இருந்து நன்றாகச் செய்த 43 பேரைத் தேர்ந்தெடுத்து 843 சோதனைகள். பெரும்பாலோருக்கு எந்தத் திறமையும் தெரியவில்லை. ஆறு பேரிடம் ஏதோ இருக்கிறது என்றார்கள் நடத்தியவர்கள். 1990-களில் அதே எண்களை மறுபடி ஆராய்ந்த ஜேம்ஸ் என்ரைட் என்பவர் எல்லாம் தற்செயல் அளவுக்குள்தான் என்றார். அந்தக் களஞ்சியத்தில் ஓடை இல்லை, சரிவு இல்லை, மரமும் புற்றும் இல்லை. படிக்க நிலம் இல்லாத இடத்தில் குச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

பதில்: வடகரப்பதி விவசாயி

மேலே எழுதியவர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார், நன்றி. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் ஊரில் கடன் வாங்கித்தான் போர் போடுகிறோம். ஓர் அடிக்கு இவ்வளவு என்று லாரிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாடலுக்கு எல்லை உண்டு என்று பிறகு சொன்னால் கடன் அடையுமா?

அப்புறம் இன்னொன்று. தாத்தா காலத்துப் பஞ்சாங்கக்காரர்கள் திண்ணையில் சோழியை உருட்டியே கிரகணம் சொன்னார்கள். ஈர்ப்புவிசை என்று ஒன்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பலித்தது. ஏன் பலிக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன? பலித்தால் போதாதா? தேங்காயும் அப்படித்தான் என்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் மாஷ் (ஆசிரியர்), சித்தூர்

வடகரப்பதித் தம்பி கேட்டது நல்ல கேள்வி. சோழிக் கணக்கு வெறும் கதை இல்லை. ஜான் வாரன் என்ற ஆங்கிலேய அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்து, சோழிகளைத் தரையில் வைத்தும் மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டும் அவர் 1825 மே 31-ஆம் தேதி இரவுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் சரிபார்த்தபோது, கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. நிலாவை எது இழுக்கிறது என்ற எண்ணமே இல்லாமல் இவ்வளவு நெருக்கம்! எனக்கு இது இன்றைக்கும் வியப்புதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள் தம்பி. அந்தக் கணக்கு எவ்வளவு பிழை என்று நிமிடத்தில் சொல்ல முடிகிறது. இந்த நேரத்தில் தொடங்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கிறோம், தப்பினால் ஊருக்கே தெரியும். நம் பாரதப்புழை கடலில் சேரும் இடத்தில் இருந்த வடசேரி பரமேஸ்வரன் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்துவைத்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டதும் எண்களைத் திருத்தி 1431-ல் திருக்கணிதத்தைத் தந்தார். ஆசான்களின் கணக்காயிற்றே என்று விட்டுவிடவில்லை. திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உங்கள் வீட்டுக் காலண்டரிலேயே சாட்சி உண்டு. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஒரே சனி, ஏறக்குறைய ஓர் ஆண்டு வித்தியாசம். தேங்காய்க் கணக்கில் இப்படித் தப்பைக் குறித்துவைத்து யாராவது முறையைத் திருத்தியிருக்கிறார்களா? அதைத்தான் நான் கேட்பேன்.

இப்போது கொழிஞ்சாம்பாறைக்காரரின் முதல் கேள்வி, சூரியன். கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் சூரியனின் நடுவைவிட உங்கள் தோட்டத்தின் அடிநிலம் கடினமான விஷயம். சூரியன் ஒரு வாயு உருண்டை. எந்த ஆழத்தை எடுத்தாலும் மேலிருந்து அழுத்துகிற எடையும் கீழிருந்து தள்ளுகிற அழுத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். அதனால் அதை ஒரு சில சமன்பாடுகளில் அடக்கலாம். உங்கள் நைஸ் பாறையில் எந்த வெடிப்பு எங்கே என்பது கோடிக்கணக்கான ஆண்டு விபத்துகளின் பலன். அதை எந்தச் சமன்பாடும் தராது, துளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியிருந்தும் சூரியனிலும் மாடல் ஒருமுறை இடறியது போலத் தெரிந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், துணி டிரை கிளீனிங் செய்யும் திரவத்தைப் பெரிய தொட்டியில் நிரப்பிச் சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களை எண்ணினார். (நம் பக்கத்தில் கோலார் தங்கவயலிலும் 1965-ல் காற்றுமண்டல நியூட்ரினோக்களைக் கண்டார்கள். அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.) டேவிஸுக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். சூரிய மாடல் தப்பு என்றனர் சிலர். சோதனை தப்பு என்றனர் வேறு சிலர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2001–02-ல் கனடாவின் சட்பரி ஆய்வகம் விடை கண்டது. வருகிற வழியில் நியூட்ரினோக்கள் வேறு வகையாக மாறிவிடுகின்றன, டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகைதான் தெரிந்தது. சூரியனின் நடுவைப் பற்றிய கணக்கு சரிதான், நியூட்ரினோவைப் பற்றி நினைத்திருந்ததுதான் தப்பு.

இதைவிடப் பழைய சங்கதி ஒன்று. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டன் விதி தப்பா, அல்லது தெரியாத ஒரு கோள் இழுக்கிறதா? கோள்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டார் பிரான்சின் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன். பிறகு புதனின் பாதையும் சிறிது பிசகியது. நூற்றாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3,600 விகலை, அவ்வளவு சின்னப் பிசகு. 1859-ல் லெவெரியே அதே வழியில் போனார், சூரியனுக்கு அருகே இன்னொரு பொருள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துப் பல ஆண்டுகள் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை அந்த 43 விகலையை அப்படியே தந்தது.

அதே மனிதர், அதே கணிதம், அதே நேர்மை. ஒருமுறை விடுபட்ட பொருள் கிடைத்தது, மறுமுறை விதியே போதவில்லை. எது எது என்று மாடலுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லவே முடியாது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். மாடலின் எல்லை என்று நான் சொல்வது இதைத்தான். மாமனார் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், மகனுக்கும் சொல்லுங்கள். "அது ஒரு மாடல்தானே" என்று படிக்கிற பிள்ளைகள் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. அந்த 43 விகலையைச் சின்னப் பிசகுதானே என்று யாரும் தள்ளிவிடாததால்தான் நமக்குப் புதிய இயற்பியல் கிடைத்தது.

மறுமொழி: கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்பு

மாஷ், பொள்ளாச்சி அண்ணா, இருவருக்கும் நன்றி. மாமனார் முழுவதையும் கேட்டார். புதன் கதையை மறுபடி படிக்கச் சொன்னார். பக்கத்துத் தோட்டம் ஓடைப்பக்கம்தான், எங்கள் நிலத்தைவிடத் தாழ்வு. ஓடைக்கு இந்தப் புறம் தூர்ந்துபோன கிணறு ஒன்றும் இருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

வடகரப்பதித் தம்பி கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. கடன் வாங்கிப் போர் போடுகிறவன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீர் ஆய்வு, பொள்ளாச்சி

அதற்கும் சொல்கிறேன். உத்தரவாதமாக யாரும் சொல்ல முடியாது. மீட்டர்காரர் யாராவது "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்றால் அவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். "எத்தனை போட்டதில் எத்தனை கிடைத்தது?" என்று கேளுங்கள். கிடைக்காதவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறாரா என்று பாருங்கள். தேங்காய்க்காரரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். எனக்கும் இதே அளவுகோல்தான்.

ஒரே இடத்தில் மட்டும் அளக்க விடாதீர்கள். தோட்டத்தில் பல இடங்களில், இரண்டு திசைகளில் கம்பி விரிக்கச் சொல்லுங்கள். பாறை சாய்ந்திருந்தால் திசை மாறும்போது எண்ணும் மாறும், அதிலேயே ஒரு துப்பு கிடைக்கும். கோட்டை மட்டும் வாங்காமல் அளந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போர் இறக்கும்போது எத்தனை அடியில் மண் முடிந்தது, எத்தனையில் கல் நிறம் மாறியது, எங்கே ஈரம் தட்டியது என்று பக்கத்தில் நின்று எழுதுங்கள். உங்கள் 650 அடி போரும் வீணில்லை. அங்கே எந்த ஆழத்தில் என்ன கல் வந்தது என்பதை வைத்து அந்தக் கோட்டை மறுபடி கணக்கிட்டால், பொருந்துகிற பல விடைகளில் பாதியைத் தள்ளிவிடலாம்.

ஒரு தோட்டத்தில் தோற்கிற கணக்கு ஒரு வட்டாரத்துக்குப் பயன்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, ஆண்டுக்கு எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்று கணக்கிடுகிறார்கள். ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகமானால் அபாயம். அதிலும் ஓர் எண் உண்டு: சிதைந்த நைஸ் பாறை, களிமண் அதிகமானால் தன் கன அளவில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு, குறைவானால் மூன்று பங்கு தண்ணீர் விடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த வகையில் ஊறும் நீர் இரட்டிப்பாகவே மாறிவிடும். ஆனால் ஆண்டுதோறும் ஒரே எண்ணை வைத்துக் கணக்கிட்டால், மட்டம் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். சித்தூர் வட்டாரத்துக்கு அந்தப் போக்கு முக்கியம். புதுப் போர் போடுவதற்கு முன் தூர்ந்த கிணற்றைத் தூர்வாரி, ஓடையில் மழைநீர் நின்று இறங்க ஒரு தடுப்புக் கட்ட முடியுமா என்று பாருங்கள். அதற்குக் கடன் குறைவாகத்தான் ஆகும்.

உங்கள் போரின் கல் விவரமும் மீட்டர் எண்களும் இருந்தால் இங்கேயே போடுங்கள். வடகரப்பதித் தம்பியும் தன் ஊர்ப் போர்களின் ஆழம், கிடைத்ததா இல்லையா என்று போடட்டும். பத்து இருபது போர் விவரம் சேர்ந்தால் நான் வரைபடத்தில் குறித்துத் தருகிறேன்.

பதில்: வடகரப்பதி விவசாயி

எங்கள் தெருவில் கிடைக்காமல் போன போர்கள்தான் அதிகம், அதையும் சேர்த்து எழுதலாம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கேட்டு எழுதிப் போடுகிறேன்.